பாரமும் ஏற்றமும் மின்கலமும்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் கால்நடை வளர்ப்போரும், கட்டட வேலை எடுத்து நடத்துவோரும், மின்கம்பிப் பாதைகளைப் பராமரிப்போரும், குடியிருக்கும் வீட்டையே டிரெய்லராகப் பின்னால் பூட்டிக்கொண்டு மாதக்கணக்கில் தேச சஞ்சாரம் செய்யும் ஓய்வுபெற்ற தம்பதிகளும், தங்கள் காரியங்களில் எவ்வளவு வேறுபட்டவர்களாயினும், ஒரே வகை வாகனத்தையே நம்பி வாழ்கிறார்கள். முன்னே ஐந்து பேர் அமரக்கூடிய அறையும், பின்னே திறந்த சரக்குத் தட்டும், அடியில் ஏணி போன்ற எஃகுச் சட்டமும் கொண்ட அந்த வண்டிக்குக் கனரக பிக்கப் என்று பெயர். அந்நாட்டு வகைப்பாட்டின்படி, ஆளும் சரக்கும் ஏறிய நிலையில் 3,856 கிலோவுக்கு மேல் 6,350 கிலோ வரை எடை தாங்கத் தகுதி பெற்ற பிக்கப்புகள் இவ்வினத்தைச் சேர்ந்தவை. ஃபோர்டு எஃப்-250, எஃப்-350 வண்டிகளும், ராம் 2500, 3500 வண்டிகளும், செவ்ரோலே சில்வராடோ 2500, 3500 வண்டிகளும் இவ்வினத்தில் பிரசித்தமானவை.

இவற்றுக்குச் சற்றுச் சிறிய இலகுரக பிக்கப்புகளில் அண்மைக் காலத்தில் ஒரு புதிய யந்திரக் கூட்டு இடம்பெற்றிருக்கிறது. 2021 மாதிரி எஃப்-150 வண்டியில் ஃபோர்டு நிறுவனம், இரண்டு டர்போசார்ஜர்கள் பூட்டிய 3.5 லிட்டர் பெட்ரோல் யந்திரத்தோடு 35 கிலோவாட் மின்மோட்டாரையும், 1.5 கிலோவாட்-மணி சக்தியைத் தேக்கும் லித்தியம் மின்கலத்தையும் இணைத்து, 430 குதிரைத்திறன் பெற்றது. அடுத்த ஆண்டில் டொயோட்டா தன் டண்ட்ரா வண்டியில், 3.4 லிட்டர் டர்போ யந்திரத்தோடு மின்மோட்டாரைச் சேர்த்து 437 குதிரைத்திறனை எட்டியது. இலகுரக வண்டியில் இவ்வளவு சிறப்பாக நடைபெறும் இந்த ஹைபிரிட் முறையை, அதிகம் உழைப்பதும் அதிகம் எரிபொருள் குடிப்பதுமான கனரக வண்டிக்கு ஏன் கொண்டுவரக் கூடாது என்ற வினா இயல்பாகவே எழுகிறது.

வினா நியாயமானது, ஆயினும், டர்போசார்ஜரும் மின்மோட்டாரும் ஒரே யந்திரத்துக்குத் துணைபோகும் இரண்டு உபாயங்கள் என்பதால் அவற்றின் சுபாவமும் ஒன்றே என்று எண்ணிவிட்டால், விடை தவறிப்போகும். இடைவிடாது தொடரும் பாரத்தில் சிறப்பது ஒன்று. ஏறுவதும் இறங்குவதும் நிற்பதும் கிளம்புவதுமாக மாறிக்கொண்டே இருக்கும் பாரத்தில் சிறப்பது மற்றொன்று. ஒரு கனரக வண்டியின் நாள் இவ்விரண்டில் எதனால் நிரம்பியிருக்கிறது என்பதை அறிந்த பின்னரே, கூட்டு தகுமா தகாதா என்று நிர்ணயிக்க முடியும்.

காற்றை நெருக்கும் சக்கரம்

எந்த எரியந்திரத்தின் சக்தியும், அதற்குள் ஒரு விநாடியில் எவ்வளவு எரிபொருளை முறையாக எரிக்க முடியும் என்பதைப் பொறுத்தது. எவ்வளவு எரிபொருளை எரிக்க முடியும் என்பதோ, எவ்வளவு காற்று உள்ளே புகுகிறது என்பதைப் பொறுத்தது. எரிபொருளில் அடங்கிய சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, வெப்பமாகவும் அழுத்தமாகவும் புகைக்குழாய் வழியே வீணே வெளியேறுகிறது. அந்தப் புகையின் வேகத்தால் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் பூட்டிய மற்றொரு சக்கரத்தால் வெளிக்காற்றை நெருக்கி யந்திரத்துக்குள் செலுத்தினால், யந்திரத்தின் உடலைப் பெரிதாக்காமலே அதன் வலிமையைப் பெருக்கலாம் என்று கண்டவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி. அவர் 1905இல் காப்புரிமை பெற்ற அந்தக் கருத்தே இன்றைய டர்போசார்ஜருக்கு மூலம்.

அதன் மகிமை மலையுச்சியில் விளங்கியது. 1918இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த சான்ஃபர்ட் மாஸ், லிபர்ட்டி என்னும் விமான யந்திரத்தை ஒரு லாரியில் ஏற்றி, கொலராடோ மாநிலத்தில் சுமார் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் சிகரத்துக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தார். தாழ்நிலத்தில் சுமார் 350 குதிரைத்திறன் தந்த அந்த யந்திரம், காற்று மெலிந்த அந்தச் சிகரத்தில் 230 அளவுக்குத் தளர்ந்துவிட்டது. டர்போசார்ஜரைப் பூட்டியதும் இழந்த வலிமை முழுவதையும் திரும்பப் பெற்றது. விமானத்துக்காகச் செய்யப்பட்ட அந்தப் பரீட்சை, பின்னாளில் மலைச்சாலைகளில் பாரம் இழுக்கும் வாகனங்களுக்கும் பொருந்தும் உண்மையை நிலைநாட்டிவிட்டது. அதே கொலராடோவில் 70ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஐசனோவர் சுரங்கத்தை அடையுமிடத்தில், சாலையின் உயரம் 3,400 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ எழுபது சதவீதமே. டர்போ இல்லாத யந்திரம் அங்கே தன் வலிமையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை இழந்து தவிக்கையில், டர்போ உள்ள யந்திரம் தன் சக்கரத்தை இன்னும் வேகமாகச் சுழற்றி அந்தக் குறையைப் பெரிதும் ஈடு செய்துகொள்கிறது.

இக்காரணத்தால்தான் கனரக பிக்கப்புகளில் டர்போ பூட்டிய டீசல் யந்திரம் அசைக்க முடியாத ஸ்தானம் பெற்றது. ஃபோர்டின் 6.7 லிட்டர் எட்டு சிலிண்டர் யந்திரமும், ராம் வண்டிகளில் உள்ள கம்மின்ஸின் 6.7 லிட்டர் ஆறு சிலிண்டர் யந்திரமும், ஜெனரல் மோட்டார்ஸின் 6.6 லிட்டர் டியூராமேக்ஸ் யந்திரமும் இவ்வகையைச் சேர்ந்தவை. 2023 மாதிரி ஃபோர்டு யந்திரத்தின் உயர்வலிமை வடிவம் 500 குதிரைத்திறனும் 1,627 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. டீசல் யந்திரத்தில் காற்றை மட்டுமே அழுத்தி, அந்த வெப்பத்தில் எரிபொருளைப் பீச்சுவதால், டர்போ எவ்வளவு காற்றைத் திணித்தாலும் எரிபொருள் முன்கூட்டியே வெடித்துவிடுமோ என்ற பயம் இல்லை. பெட்ரோல் யந்திரத்துக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. நெடுநேரம் முழுப் பாரத்தில் ஓடும்போது, அகால வெடிப்பைத் தடுக்கவும், புகைச்சக்கரம் வெப்பத்தால் கெடாதிருக்கவும், அது தேவைக்கு மேல் பெட்ரோலைச் சேர்த்துக் குளிர்வித்துக்கொள்ள வேண்டிய நிர்ப்பந்தம் அடிக்கடி நேர்கிறது. சமவெளியில் சிக்கனமாக இருக்கும் சிறிய டர்போ பெட்ரோல் யந்திரம், பெரிய டிரெய்லரை மலையில் இழுக்கையில் திடீரென்று பெருந்தீனி கேட்பதன் இரகசியம் இதுவே.

டர்போவுக்கு ஒரு குறையும் உண்டு. யந்திரம் மெதுவாக ஓடுகையில் புகை குறைவு. புகை குறைவாயின் சக்கரம் சுழல்வதில்லை. ஓட்டுநர் மிதியை அழுத்திய பின் சக்கரம் வேகம் பெறச் சிறிது காலதாமதம் ஆகிறது. மின்மோட்டாரோ சுழற்சி இல்லாத நிலையிலேயே தன் முழு முறுக்குவிசையையும் தரவல்லது. அந்தத் தாமதத்தை மோட்டார் நிரப்பி, பாரத்தோடு வண்டியைப் புறப்படச் செய்வதில் இரண்டும் அழகாகப் பொருந்துகின்றன. ஆனால் இந்தப் பொருத்தம் சில விநாடிகளுக்கு மட்டுமே உரியது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

நிறுத்தத்தில் பிறக்கும் லாபம்

எரியந்திரத்தையும் மின்மோட்டாரையும் ஒரே வண்டியில் சேர்க்கும் யோசனை புதிதன்று. இருபதாம் நூற்றாண்டு பிறக்கும் தறுவாயிலேயே, வியன்னாவில் லோனர் நிறுவனத்துக்காக உழைத்த இளைஞர் ஃபெர்டினாண்ட் போர்ஷே, பெட்ரோல் யந்திரத்தால் மின்சாரம் உண்டாக்கிச் சக்கரங்களில் உள்ள மோட்டார்களைச் சுழற்றும் வண்டியை உருவாக்கினார். அந்த யோசனை வாகன உலகில் பரவலாக வேரூன்ற ஒரு நூற்றாண்டு பிடித்தது. மோட்டாரை மின்னாக்கியாகவும் பயன்படுத்தி, பிரேக் போடும்போது வெப்பமாக வீணாகும் இயக்கசக்தியை மின்கலத்தில் தேக்கி, மறுமுறை புறப்படும்போது அதையே செலவிடலாம் என்பதுதான் ஹைபிரிட் முறையின் தலையாய லாபம். வண்டி நிற்கையில் யந்திரத்தை அணைத்துவிடலாம் என்பதும், யந்திரம் திறமையின்றி மந்தமாக ஓடும் நேரங்களைத் தவிர்க்கலாம் என்பதும் அதை அடுத்த லாபங்கள். மூன்றும் நிற்பதிலும் கிளம்புவதிலும் பிறப்பவை. சீராக ஓடும் நெடும்பயணத்தில் இவற்றுக்கு இடமே இல்லை.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் அளவீட்டில் 2021 எஃப்-150 வண்டி காட்டும் வேறுபாடு இதற்குத் தெளிவான சாட்சி. நான்கு சக்கரங்களும் இயங்கும் வடிவில், சாதாரண 3.5 லிட்டர் டர்போ யந்திரம் நகரத்தில் காலன் ஒன்றுக்கு 18 மைலும், நெடுஞ்சாலையில் 23 மைலும் தந்தது; அதே யந்திரம் ஹைபிரிட் ஆனபோது நகரத்திலும் 24, நெடுஞ்சாலையிலும் 24 தந்தது. நம் கணக்கில் சொன்னால், நகரத்தில் லிட்டருக்கு ஏழரை கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடிய வண்டி பத்துக் கிலோமீட்டருக்கு மேல் ஓடலாயிற்று. நெடுஞ்சாலையிலோ அரைக் கிலோமீட்டர் கூடக் கூடவில்லை. அதே வேளையில், சாதாரண வடிவம் அதிகபட்சமாக 14,000 பவுண்டு, அதாவது 6,350 கிலோ இழுக்கத் தகுதி பெற்றிருக்க, ஹைபிரிட் வடிவத்தின் தகுதி 12,700 பவுண்டுக்கு, அதாவது 5,760 கிலோவுக்குக் குறைந்தது. யந்திரக் கூட்டின் மொத்த வலிமை கூடியிருந்தும், இழுக்கும் தகுதி குறைந்திருக்கிறது.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் பெற்ற அனுபவமும் இதையே சொல்கிறது. அந்நிறுவனத்தின் ஆலிசன் பிரிவு நகரப் பேருந்துகளுக்காக உருவாக்கிய ஹைபிரிட் முறை, 2004இல் சியாட்டில் நகரைச் சேர்ந்த கிங் வட்டாரப் போக்குவரத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட நீண்ட பேருந்துகளில் இடம்பெற்று, நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று கிளம்பும் அந்த உழைப்பில் நற்பெயர் ஈட்டியது. அந்த முறையின் வழிவந்த இரட்டைநிலை ஹைபிரிட்டை 2009 மாதிரி சில்வராடோ 1500 வண்டியில் அந்நிறுவனம் பூட்டிற்று. நகர ஓட்டத்தில் அது மிச்சப்படுத்திய எரிபொருள் கணிசமானது. ஆயினும் அதன் இழுக்கும் தகுதி 6,100 பவுண்டைத் தாண்டவில்லை, விலையும் அதிகம். 2013 மாதிரியோடு அது மறைந்தது. பேருந்தில் வென்ற முறை பிக்கப்பில் நிலைக்காமற்போனது, அதன் பொறியியலில் இருந்த குறையால் அன்று. பிக்கப் வாங்குவோரில் பலர் அதை வாங்குவது டிரெய்லர் இழுப்பதற்காகவே என்பதால்தான்.

ஒரு மலையின் கணக்கு

வார்த்தைகளால் விவாதிப்பதைவிட ஓர் ஏற்றத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்பது மேல். பாரவண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 10 டன் எடை என்று கொள்வோம். கனரக பிக்கப்புக்கு இது மிதமான பாரமே. நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் உயரும் 10 கிலோமீட்டர் ஏற்றத்தை, மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறுவதாக வைத்துக்கொள்வோம். கொலராடோ நெடுஞ்சாலையின் செங்குத்தான பகுதிகள் இத்தகைய சரிவு உடையவையே.

புவியீர்ப்பை வென்று உயரம் ஏறுவதற்கு மட்டும் ஏறத்தாழ 172 கிலோவாட் வேண்டும். டயர்களின் உராய்வுக்கும், பெரிய டிரெய்லரை எதிர்க்கும் காற்றுக்குமாக இன்னும் 60 கிலோவாட் அளவு சேர்த்தால், சக்கரங்களில் 230 கிலோவாட், அதாவது 310 குதிரைத்திறன் இடைவிடாது தேவை. ஏற்றம் முடிய 6 நிமிடம் 40 விநாடி ஆகும். அதற்குள் செலவாகும் சக்தி 25 கிலோவாட்-மணிக்குச் சற்று அதிகம். எஃப்-150 வண்டியில் உள்ளது போன்ற மின்கலம் முழுவதும் நிரம்பியிருந்து, அதிலுள்ள 1.5 கிலோவாட்-மணியில் கடைசித் துளி வரை செலவிட்டாலும், 35 கிலோவாட் மோட்டாரை இரண்டரை நிமிடம் ஓட்டலாம். அதாவது நான்கு கிலோமீட்டர் தாண்டுமுன்னே அது வறண்டுவிடும். எஞ்சிய ஆறு கிலோமீட்டரை எரியந்திரம் தனியாகவே ஏற வேண்டும். வறண்ட மின்கலத்தின் எடையையும் மோட்டாரின் எடையையும் அது சுமந்துகொண்டே ஏற வேண்டும்.

ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 கிலோவாட்-மணி சக்தி அடங்கியிருக்கிறது. நல்ல டர்போ டீசல் யந்திரம் முழுப் பாரத்தில் அதில் நாற்பது சதவீத அளவைப் பயனுள்ள வேலையாக மாற்றவல்லது. ஆகவே மின்கலம் அந்த ஏற்றத்துக்கு அளிக்கும் உதவி அரை லிட்டர் டீசலுக்கும் குறைவானது. மின்கலம் தானாகச் சக்தியைப் பிறப்பிப்பதில்லை. கைமாற்றாக வாங்கிய பணத்தைப் போல், முன்பு எங்கோ சேமித்ததை இப்போது தருகிறது, அதைப் பின்பு எங்கோ திருப்பிக் கட்டியாக வேண்டும். அடைக்க வழியில்லாத நெடிய ஏற்றத்தில் அந்த உதவி தீர்ந்த பிறகு, வண்டியின் உண்மையான வலிமை அதன் எரியந்திரத்தின் வலிமையே. விளம்பரத்தில் இரண்டையும் கூட்டிச் சொல்லும் எண், மலையின் மூன்றாம் நிமிடத்தில் பொய்த்துப் போகிறது.

அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் இழுக்கும் தகுதியை நிர்ணயிக்க வகுத்த பரீட்சை இந்த உண்மையை உணர்ந்தே அமைந்திருக்கிறது. அரிசோனாவின் டேவிஸ் அணையருகே தொடங்கி 18 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாலைவன ஏற்றத்தை அது அளவுகோலாகக் கொள்கிறது. முப்பத்தேழு டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில், குளிர்சாதனம் முழு வேகத்தில் ஓட, பின்னச்சில் பக்கத்துக்கு ஒரு சக்கரமே உள்ள வண்டி மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே இறங்காமல் அந்த ஏற்றத்தைக் கடக்க வேண்டும். சில விநாடி வீரத்துக்கு அங்கே மதிப்பில்லை.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், சிறிய மின்கலம் எந்த இடத்தில் பிரயோஜனப்படும் என்பதும் தெரியவரும். பத்து டன் பாரத்தை 55 மீட்டர் உயர்த்த 1.5 கிலோவாட்-மணி ஆகிறது. சிறு மேடுகளும் பள்ளங்களும் மாறி மாறி வரும் நிலத்தில், ஐம்பது மீட்டர் ஏறி ஐம்பது மீட்டர் இறங்கும் சாலையில், அந்த மின்கலத்தின் அளவு போதுமானது. ஆனால் மோட்டாரின் வலிமை மற்றோர் எல்லையை விதிக்கிறது. பாரமில்லாத இரண்டரை டன் வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது, அதன் இயக்கசக்தி முழுவதையும் 35 கிலோவாட் மோட்டார் ஏழு விநாடியில் உறிஞ்சிவிடலாம். நகர விளக்குக் கம்பத்தின் முன் நிற்க அதுவே இயல்பான கால அளவு. பத்து டன் பாரம் 90 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போதோ, அதே மோட்டாருக்கு ஒன்றரை நிமிடம் தேவை. எந்த ஓட்டுநரும் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது. பிரேக் தட்டுகளே பெரும்பகுதியை வெப்பமாக விழுங்கிவிடும். இலகுரக வண்டியின் ஹைபிரிட் அமைப்பு பாரமில்லாத நகர ஓட்டத்துக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டது என்பதை இந்த இரண்டு எண்களும் ஐயமறக் காட்டுகின்றன. அதை அப்படியே கனரக வண்டியில் மாட்டினால் அளவு பொருந்தாது.

இறக்கத்தின் படிப்பினை

ஏற்றத்தை விட இறக்கமே ஹைபிரிட் முறைக்குப் பெரிய வாய்ப்பு. மேலே சொன்ன மலையின் உச்சியில் அந்த 10 டன் பாரம் 19 கிலோவாட்-மணி நிலைசக்தியைப் பெற்று நிற்கிறது. இறங்கும்போது உராய்வும் காற்றும் அதில் ஏழு அளவைத் தின்றுவிட, எஞ்சிய 12 கிலோவாட்-மணியை வண்டி எப்படியாவது தொலைத்தாக வேண்டும். இல்லாவிடில் வேகம் கட்டுக்கடங்காது. இன்றைய டீசல் பிக்கப்புகளில் டர்போவின் வழியைக் குறுக்கிப் புகையை அடைத்து, யந்திரத்தையே தடையாக்கும் பிரேக் முறை இந்த வேலையைச் செய்கிறது. சக்தி முழுவதும் வெப்பமாகி வானில் கலக்கிறது. சிறிய மின்கலமோ அதில் எட்டில் ஒரு பங்கை வாங்குமுன்னே நிரம்பி, வாயை மூடிக்கொள்ளும்.

ரயில்வே பொறியாளர்கள் இந்தப் பிரச்சினையை நெடுங்காலத்துக்கு முன்பே சந்தித்தவர்கள். டீசல்-எலக்ட்ரிக் ரயில் எஞ்சினில், டீசல் யந்திரம் மின்சாரத்தை உண்டாக்க, மோட்டார்கள் சக்கரங்களைச் சுழற்றுகின்றன. மின்கலம் இடையில் இல்லை. மலையிறக்கத்தில் அந்த மோட்டார்களே மின்னாக்கிகளாக மாறி ரயிலை அடக்குகின்றன. அவ்வாறு பிறக்கும் மின்சாரத்தைத் தேக்க இடமில்லாமல், எஞ்சினின் கூரையில் உள்ள மின்தடைக் கம்பிகளில் செலுத்தி, விசிறியால் ஊதி வெப்பமாகக் கழிக்கிறார்கள். ஆயிரக்கணக்கான டன் பாரத்தின் இறக்கசக்தியை ஏற்கத்தக்க மின்கலம் மலிவாகக் கிடைக்காத காலத்தில் அதுவே விவேகமான வழி. மின்மோட்டார் பூட்டியதால் மட்டும் சக்தி மிச்சமாகிவிடாது என்பதும், மிச்சம் பிடிப்பது மின்கலத்தின் கொள்ளளவே என்பதும் அதிலிருந்து நாம் கற்கும் பாடம்.

நின்றபடி உழைக்கும் வண்டி

இதுகாறும் கூறியவற்றிலிருந்து, கனரக பிக்கப்புக்கு ஹைபிரிட் வீண் என்று ஒருவர் முடிவுகட்டினால், அது அவசர முடிவாகும். கனரக பிக்கப்புகள் எல்லாம் நாள் முழுவதும் மலையேறிக்கொண்டிருப்பவை அல்ல. மின்கம்பி பழுதுபார்க்கும் குழுவின் வண்டி, காலையில் சிறிது தூரம் ஓடி, ஒரு கம்பத்தடியில் மணிக்கணக்கில் நின்று, ஆளை ஏற்றும் தூக்கிக் கூடைக்கும், விளக்குகளுக்கும், கருவிகளுக்கும் சக்தி அளித்துக்கொண்டிருக்கிறது. நகராட்சியின் குழாய் பராமரிப்பு வண்டியும், கட்டட வேலையிடத்து வண்டியும் அப்படியே. சிறிதளவு மின்சாரத்துக்காகவும், அறையைச் சூடாக்கவும் குளிர்விக்கவும், ஏழு லிட்டர் யந்திரம் ஒன்று மணிக்கணக்கில் சும்மா உறுமிக்கொண்டிருப்பதைப் போன்ற விரயம் வேறில்லை. டீசல் யந்திரத்துக்கு அது தீங்கும்கூட. புகையின் வெப்பம் குறைந்திருப்பதால் கரித்துகள் வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ள இயலாமல் அடைபட்டு விடுகிறது. அத்தகைய வண்டிக்கு மின்கலமும் மோட்டாரும் மலையேற்றத்தில் தராத நன்மையை நின்ற இடத்திலேயே தந்துவிடும்.

எஃப்-150 ஹைபிரிட்டின் விசேஷங்களில் மக்கள் மனத்தில் ஆழப் பதிந்தது எரிபொருள் சிக்கனத்தைக் காட்டிலும், அதன் சரக்குத் தட்டில் 7.2 கிலோவாட் வரை மின்சாரம் தரும் இணைப்புகளே. 2021 பிப்ரவரியில் கடும் பனியால் டெக்சாஸ் மாநிலத்தின் மின்விநியோகம் குலைந்து லட்சக்கணக்கான வீடுகள் இருளிலும் குளிரிலும் ஆழ்ந்தபோது, அந்த வண்டியை வைத்திருந்தோர் தங்கள் வீட்டுக்கு அதிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டனர். விற்பனைக்கு நிறுத்தியிருந்த வண்டிகளை நிவாரணத்துக்கு இரவல் கொடுக்கும்படி ஃபோர்டு தன் முகவர்களைக் கேட்டுக்கொண்டது. வாகனம் நடமாடும் மின்நிலையமாகவும் இருக்கலாம் என்ற உண்மையை அந்தப் பனிக்காலம் மக்களுக்கு அனுபவத்தில் காட்டியது. வேலையிடத்துக்குத் தனி ஜெனரேட்டரை இழுத்துச் செல்லும் குழுக்களுக்கு இந்த உண்மையின் மதிப்பு நன்றாகவே புரியும்.

பாரத்துக்கு அளவான மின்கலம்

மலைப்பாதைக்கும் ஹைபிரிட்டைத் தகுதியாக்க வேண்டுமானால், அதைப் பாரத்துக்கு ஏற்ப அளவெடுக்க வேண்டும். நம் மலையின் இறக்கத்தில் வேகத்தைக் கட்டுக்குள் வைக்க 110 கிலோவாட் அளவு உறிஞ்ச வேண்டியிருக்கிறது; ஆகவே மோட்டார் 150 கிலோவாட் அளவினதாக இருத்தல் நலம். 12 கிலோவாட்-மணியைத் தேக்க, சற்று இடம் விட்டு, 20 கிலோவாட்-மணி மின்கலம் வேண்டும். கிலோ ஒன்றுக்கு 150 வாட்-மணி தேக்கும் தொகுதியாயின் அதன் எடை 130 கிலோ அளவே. இரண்டு ஆட்களின் எடைக்குள் அடங்கும். இறக்கத்தில் தேங்கிய சக்தியில் முக்கால் பங்கு மீண்டும் சக்கரத்துக்கு வந்தாலும், அடுத்த ஏற்றத்தில் இரண்டு லிட்டர் டீசலுக்கு மேல் மிச்சமாகும்.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உச்சியை அடையும்போது மின்கலம் காலியாக இருந்தால்தான் இறக்கத்தின் சக்திக்கு இடம் கிடைக்கும். ஏற்றத்தின் தொடக்கத்தில் அது நிரம்பியிருந்தால்தான் ஏற்றத்துக்கு உதவும். முன்னே உள்ள சாலையின் ஏற்ற இறக்கங்களை வரைபடத்திலிருந்து முன்கூட்டியே அறிந்து, எப்போது செலவிடுவது, எப்போது சேமிப்பது என்று திட்டமிடும் கட்டுப்பாட்டு முறை இல்லாமல் பெரிய மின்கலமும் பாதிப் பயனே தரும். யந்திரத்தின் வலிமையைக் காட்டிலும் அதன் முன்னறிவு இங்கே முக்கியமாகிறது.

மற்றொரு வழி, எரியந்திரத்தைச் சக்கரத்திலிருந்து முற்றிலும் பிரித்து, மின்சாரம் உண்டாக்குவதை மட்டுமே அதற்கு விதிப்பது. 2023 நவம்பரில் ராம் நிறுவனம் தன் இலகுரக வண்டிக்கு அறிவித்த திட்டம் இவ்வகையது. 92 கிலோவாட்-மணி மின்கலமும், டர்போ இல்லாத 3.6 லிட்டர் யந்திரம் சுழற்றும் 130 கிலோவாட் மின்னாக்கியும் அதன் அங்கங்கள். நம் மலையில் தேவைப்படும் 230 கிலோவாட்டில் மின்னாக்கி தருவது போக, குறையும் 100 கிலோவாட்டை மின்கலம் ஈடு செய்தால், ஏற்றம் முடியும்போது அது இழந்திருப்பது 11 கிலோவாட்-மணி, அதாவது தன் கொள்ளளவில் எட்டில் ஒரு பங்கு. சமவெளியில் 60 கிலோவாட் போதுமாகையால், மின்னாக்கி அந்தக் குறையைச் சிரமமின்றி நிரப்பிக்கொள்ளும். கணக்கு ஒத்துவருகிறது. ஆனால் முன்சொன்ன விகிதப்படி அம்மின்கலத்தின் எடை 600 கிலோவை எட்டும். சரக்கு ஏற்றுவதற்கென்றே வாங்கும் வண்டியில் அந்த 600 கிலோவும் ஏற்றத் தகுந்த சரக்கிலிருந்து கழிகிறது. விலையும் அதற்கேற்ப உயர்கிறது. இன்னும் ஒன்று: மின்கலம் இவ்வளவு பெரிதாகும்போது டர்போவின் அவசியம் குறைகிறது, யந்திரம் சீரான சராசரி வலிமையைத் தந்தாலே போதும். உயரத்தில் மெலியும் காற்றுக்காக மட்டுமே டர்போ தேவைப்படும். அதாவது, சிறிய மின்கலத்தோடு சேரும்போது எல்லாப் பாரத்தையும் டர்போவே சுமக்கிறது. பெரிய மின்கலத்தோடு சேரும்போது அதன் வேலை சுருங்கிவிடுகிறது.

உழைப்பைக் கொண்டு அளத்தல்

அமெரிக்காவில் இலகுரக வண்டிகளின் கண்ணாடியில் எரிபொருள் சிக்கனத்தை அறிவிக்கும் சீட்டு ஒட்டப்பட வேண்டும் என்பது சட்டம். 8,500 பவுண்டுக்கு மேற்பட்ட எடைத்தகுதி உள்ள பிக்கப்புகளுக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆகவே கனரக வண்டி வாங்குவோர் எந்த எண்ணையும் ஒப்பிட வழியின்றி, விளம்பரத்தின் குதிரைத்திறனை மட்டுமே பார்த்து வாங்குகிறார்கள். ஆயினும் கரியமில வாயுவைக் கட்டுப்படுத்த 2011இல் அந்நாட்டு அரசு இவ்வண்டிகளுக்கு வகுத்த விதிகளில் ஒரு நல்ல தத்துவம் பொதிந்திருந்தது. வண்டி ஏற்றும் பாரத்துக்கு முக்கால் பங்கும், இழுக்கும் பாரத்துக்குக் கால் பங்கும் மதிப்பளித்து, அதன் உழைப்பை ஓர் எண்ணாக்கி, அந்த உழைப்புக்கு ஏற்ற அளவே புகைக்கு அனுமதி தந்தார்கள். வண்டி என்ன வேலை செய்கிறது என்பதே அளவுகோலாயிற்று.

வாங்குவோரும் அந்த அளவுகோலையே கைக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். ராக்கி மலைகளைத் தாண்டி வாரந்தோறும் மாடுகளைக் கொண்டுபோகும் பண்ணையாருக்கு, டர்போ பூட்டிய டீசல் யந்திரமே இன்றைக்குச் சரியான தோழன். சிறு மின்கலத்தை அதில் சேர்ப்பது எடையையும் விலையையும் கூட்டுவதன்றி வேறு பயன் தராது. கம்பத்துக்குக் கம்பம் நின்று உழைக்கும் குழுவுக்கும், நகரத்துக்குள்ளேயே சுற்றும் நகராட்சிக்கும் ஹைபிரிட் உண்மையான நன்மை செய்யும். அவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும், உற்பத்தியாளர்கள் அவர்களுக்கென்றே அதைச் செய்து தர வேண்டும். இடைப்பட்ட நிலத்தில், ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும் பாதைகளில், பாரத்துக்கு அளவெடுத்த 20 கிலோவாட்-மணி மின்கலமும், சாலையை முன்னறியும் கட்டுப்பாடும் சேர்ந்த டீசல் ஹைபிரிட் தன் விலையை ஈட்டிக்கொள்ளும் என்று நம்ப இடமிருக்கிறது.

ஆகவே டர்போவும் மின்மோட்டாரும் சேரலாமா என்ற வினாவுக்கு, எந்தப் பாரம், எவ்வளவு நேரம், எந்தச் சாலை என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்கும் வரை பதில் இல்லை. அந்த மூன்றையும் தம் வண்டியின் ஒரு வார உழைப்பிலிருந்து குறித்துவைத்துக்கொண்டு விற்பனையாளர் முன் போய் நிற்பவர், எந்த விளம்பர எண்ணாலும் மயங்க மாட்டார். தமக்குப் பொருந்தும் யந்திரத்தைத் தாமே தேர்ந்துகொள்வார்.